ஏழு கம்பி வெளிச்சம்

எதைத் தொடுவதற்கு முன்னாலும் அவர் ஒருமுறை ஜன்னல் கிரில்லைத் தொடுவார். பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்னால், கேட்டைத் திறப்பதற்கு முன்னால், கொடியில் காயும் துணியை உருவுவதற்கு முன்னால், உள்ளங்கையை இரும்பில் ஒரு கணம் வைத்து எடுப்பார். முதலில் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். பிறகு மனசு சரியில்லாதவரோ என்று நினைத்தேன். அவருடைய பக்கத்து ரூமுக்கு நான் குடிவந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கேட்டே விட்டேன்.

"உடம்புல கரண்ட் நிக்கும். அதோட தொட்டா சாமான் போயிடும்."

"எந்த சாமான்க்கா?"

"எந்த சாமானா இருந்தா இன்னா? போனா போனதுதான்."

அவ்வளவுதான் பேச்சு. பால் பாக்கெட்டோடு உள்ளே போய்விட்டார்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வீடுகள் முளைத்த தெரு ஒன்றில் அந்த மாடி இருந்தது. கீழே வீட்டுக்காரம்மா. மேலே இரண்டு ரூம், நடுவில் ஒற்றைக்கல் சுவர். ஒன்றில் நான், இன்னொன்றில் அவர். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் பேங்கில் கட்டை விரலை நீட்டுகிறவர். தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராக வேலைக்கு வந்து, எனக்கான ரூமை நானே பார்த்து, நானே பேசி வாடகைக்குப் பிடித்தேன். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையை மாலை கடைக்குப் போகும்போதும் கழற்ற மாட்டேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

தெருவில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, எப்போது கல்யாணம் என்பது. கேட்காதவர் அவர் ஒருவர்தான். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத் தெருவே ஓய்ந்துபோயிருந்தது. நாற்பதைத் தாண்டியிருப்பார். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழுக்கைச் சுடிதார், காதை மூடாமல் இறுக்கிப் பின்னிய முடி. தெரு அவரைக் 'கம்பெனி அக்கா' என்றது. நான் வெறுமனே அக்கா என்றேன்.

கம்பெனி என்றது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்கிற ஒரு இடத்தை. எங்கள் மாவட்டத்தில் பாதிக் கிராமங்களிலிருந்து பெண்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். அக்காவுக்கு அங்கே கிடைத்தது கேட்கிற வேலை. ஆட்டோ அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி. காதில் பெரிய ஹெட்போன். வரிசையில் வருகிற ஒவ்வொரு போனும் சின்னதாக ஒரு ஒலிக்கோவையைப் பாடும். சரியாக இருந்தால் பச்சைப் பொத்தான், பிசிறடித்தால் சிவப்புப் பொத்தான். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, கைக்கு உறை. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதிலிருந்து வயர் போய் மேஜையில் செருகியிருக்கும். உடம்பின் மின்சாரம் அந்த வயர் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடுமாம். வருஷக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருந்தவர் வேலை போன பிறகும் அந்த வயரைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது ஜன்னல் கிரில்.

"ஏன்கா விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்? இப்ப மைக்கே கேட்டுக்குது. ஆளு வேணாம்னுட்டாங்க."

அதைச் சொல்லும்போது கோபம் எதுவும் இல்லை. மைக் எப்படிக் கேட்கிறது என்பதில்தான் அவருக்குச் சந்தேகம்.

இப்போது வீட்டிலேயே கடைப் பெயர்ப்பலகைகளுக்கு எல்இடி விளக்கு ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாடியில் பற்றவைக்கிற ஈயத்தின் வாசனை எப்போதும் இருக்கும். பலகைகளை வைத்துவிட்டுப் போகிறவரும் வாங்கிக்கொண்டு போகிறவரும் ஒரே ஆள். அவரும் படியோடு நின்றுவிடுவார். "ஏக்கா, வெச்சிட்டேன்" என்று ஒரு குரல், பிறகு செருப்புச் சத்தம்.

எனக்கு ஒருமுறை நல்ல காய்ச்சல். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். கதவுக்கு வெளியே மெல்லிய தட்டல். எழுந்து போய்த் திறந்தால் வாசலில் மூடி போட்ட தூக்குவாளி. அக்கா ஐந்தாறு அடி தள்ளி, மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்கிறார்.

"மிளகு ஜாஸ்தி போட்ருக்கேன். சூடா குடி."

"உள்ள வாங்கக்கா."

"வேணாம். தூங்கு."

நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற வழக்கத்தில் வளர்ந்தவள் நான். அந்த ஐந்தாறு அடி அன்றைக்கு எனக்குச் சங்கடமாக இருந்தது. காய்ச்சல் விடுகிறவரை மூன்று வேளையும் தூக்குவாளி வந்தது. மூன்று வேளையும் அதே தூரத்தில் நின்றார்.

என்னைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்தபோது நடந்தது இன்னொன்று. என் அம்மாவுக்குக் கையைப் பிடிக்காமல் பேச வராது. கீரைக்காரியிடம் பேசினாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேரம் பேசுவாள். அக்கா தன் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா நேராகப் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கு ஒடம்பு முடியாதப்ப கஞ்சி வெச்சிக் குடுத்தியாமே. நீ நல்லா இருப்ப தாயி. ஊரு எது? அம்மா அப்பா கீறாங்களா?"

அக்கா ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி விறைத்து நின்றார். அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. கடலைக்காய் விளைச்சல், மழை, என் அப்பாவின் முட்டிவலி எல்லாம் சொல்லி முடித்துத்தான் கையை விட்டாள். பிறகு உள்ளே வந்து என் காதில் சொன்னாள்.

"இன்னாடி இந்தப் பொண்ணு, கையப் புடிச்சா ஷாக் அடிச்ச மாரி நிக்குது?"

"அவங்க அப்படித்தான். கை படறது பிடிக்காது."

"கை படாம யாராலடி இருக்க முடியும்?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா இன்னும் வாசலில்தான் இருந்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அருவருப்பு இல்லை அந்த முகத்தில். என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு வாத்தியம் செய்தால் அது கை படாத வாத்தியமாகத்தானே இருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிகள் வர ஆரம்பித்தபோது போனில் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஒரு ஒலி. நீண்ட மௌனம். அதே ஒலி, கொஞ்சம் தாழ்ந்து. மறுபடி மௌனம். சில வாரம் கழித்து, சாம்பிராணி வத்தி கேட்டுப் போனபோதுதான் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்கு வாங்குகிற வெள்ளைக் குழாய்களை வளைத்து, பந்தல் வாசல் மாதிரி, இடுப்புயரத்துக்கு ஒரு சட்டம் செய்திருந்தார். மேல் குழாயில் வரிசையாக ஏழு சின்ன விளக்குகள். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் குழந்தைகளுக்கு விற்பார்களே, பொத்தானை அழுத்தினால் தூரத்துச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுமே, அந்த லேசர் லைட். ஒவ்வொரு பௌர்ணமியும் ஜனம் மலையைச் சுற்றும். அக்கா லைட் விற்கிறவர்களைச் சுற்றுவார். ஒன்றை வாங்கி, அடித்துப் பார்த்து, வெளிச்சம் சிதறினால் திருப்பிக் கொடுத்து, வேறு வாங்குவார்.

அந்த ஏழும் நேர் கீழே இருக்கிற குழாயைப் பார்த்து வெளிச்சம் பாய்ச்சின. கீழே ஏழு சின்ன வில்லைகள். வெளிச்சம் தன் மேல் விழுகிறதா இல்லையா என்பது அந்த வில்லைக்குத் தெரியும். பக்கத்து வெளிச்சம் பட்டுக் குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் காலியான ஸ்கெட்ச் பேனாவின் கறுப்பு மூடியைக் குல்லா மாதிரி மாட்டியிருந்தார். நடுவில் கையை நீட்டி ஒரு வெளிச்சத்தை மறித்தால், அதற்குரிய ஒலி ஸ்பீக்கரில் வரும். கையை எடுத்தால் நின்றுவிடும்.

"எங்கக்கா வெளிச்சம்? ஒண்ணும் தெரியலையே."

"சும்மா தெரியாது."

கொசுவர்த்தி ஒன்றைக் கொளுத்திக் கீழே வைத்தார். புகை மேலே ஏற ஏற, காற்றில் எதுவுமே இல்லாத இடத்தில் சிவப்பாக ஏழு கம்பிகள் நின்றன. ஒருமுறை இரும்பைத் தொட்டுவிட்டு வந்து, முதல் கம்பிக்குள் விரலை நீட்டினார். அறை முழுக்க ஒரு ஒலி. அவர் எதையும் தொடவில்லை.

சிரித்தார் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், பச்சையா சிவப்பா என்று முடிவு செய்கிற மாதிரி.

வெயில் இருக்கிற நேரத்தில் வில்லைகள் குழம்பிவிடும் என்று பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார். வாசிக்காத நேரத்திலும் அதை அணைக்க மாட்டார். மாலையில் பெயர்ப்பலகைக்கு விளக்கு ஒட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் சட்டம் எரிந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஈசல் புகுந்தால் ஏழு ஒலியும் தாறுமாறாகக் கேட்கும். பல்லி ஒன்று கீழ்க் குழாயில் நடந்தால் வரிசையாக மூன்று நான்கு ஒலி. எப்போதாவது ஒரு அந்துப்பூச்சி குறுக்கே பறக்கும். ஒரே ஒரு ஒலி, அரைக் கணம்.

"வா," என்பார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

முதல் தடவை நான்தான் வந்ததாக நினைத்துக் கூப்பிடுகிறார் என்று உள்ளே போய்விட்டேன். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு, "பூச்சி," என்றார்.

அணைத்து வைத்தால் கரண்டாவது மிச்சமாகுமே என்று நான் கேட்டதில்லை.

ஒரு பாட்டு இருந்தது அவரிடம். அவரே கட்டியது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "தெரியல. அந்த ஹெட்போன்லயே எங்கியோ இருந்திச்சு," என்பார். சுவருக்கு இந்தப் பக்கம் அது எனக்குத் துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தது. ஒண்ணு, மூணு, ரெண்டு என்று மெதுவாகத் தொடங்கி, நாலாவது கம்பிக்குப் போய் அங்கே நின்று இழையும். நாலாவதில் அவர் கையை உடனே எடுக்க மாட்டார். அந்த ஒலி தேய்ந்து தேய்ந்து, இனி எங்கே போகும் என்று நாம் கேட்கிற நேரத்தில் ஏழாவதைத் தொடும். அங்கிருந்து கீழே இறங்கும். அதற்குள் கரண்ட் போகும், இல்லை பிசிறடித்ததென்று நிறுத்திவிடுவார், இல்லை எனக்கு ஊரிலிருந்து போன் வந்துவிடும். முழுதாக நான் கேட்டதே இல்லை.

"ஒரு தடவை முழுசா வாசிச்சுக் காட்டுங்கக்கா. நான் கேக்கறேன்."

"நீ வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"தப்பா நெனச்சுக்காத. கம்பெனில ஒரே ஆளை ரொம்ப நாள் ஒரே மாடலைக் கேக்க விட மாட்டாங்க. காது பழகிடும். பழகின காது எல்லாத்தையும் பாஸ் பண்ணிடும். பிசிறு இருந்தாலும் பிசிறுனு தெரியாது. என் காது பழகிடுச்சு. செவுத்துக்கு அந்தாண்ட இருந்து கேட்டுக் கேட்டு உன் காதும் பழகிடுச்சு. இத்தினி வருசம் யாரோ செஞ்ச சத்தத்துக்கெல்லாம் நான் பட்டன் அமுக்கினேன். இதுக்கு மட்டும் என்னால அமுக்க முடியல. இது நல்லா கீதா, இல்ல ஒரு பொம்பளை தனியா ரூம்ல ஒக்காந்துனு பண்ற கிறுக்கான்னு எனக்கே தெரியல. இத கேக்காத ஆளு ஒருத்தர், முழுசா, ஒரே ஒரு தடவை கேட்டா போதும்."

யாரைக் கூப்பிடுவது? அந்த மாடிக்கு யார் வருகிறார்கள்? பலகைக்காரர் படியோடு போய்விடுகிறவர். இப்படியே மாதங்கள் போயின.

வழி வந்தது வீட்டுக்காரம்மா மூலம். எங்கள் தெரு முனையில் ஒரு அம்மன் கோயில். ஆடியில் கூழ் வார்ப்பார்கள். மாலையில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். பிறகு அம்மனுக்கு முன்னால் சோற்றைக் குவித்துக் கும்பம் கொட்டுவார்கள். விழாக் கமிட்டியில் வீட்டுக்காரம்மா முக்கியமான ஆள். மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டே கூப்பிட்டார்.

"ஏம்மா கம்பெனி, மேல லைட்டு வெச்சி இன்னாமோ வாசிக்கிறியே, அத நம்ம கோயிலாண்ட வெய்யேன். பசங்க டான்ஸு முடிஞ்சி கும்பத்துக்கு நேரம் கெடக்குது. ஜனம் சும்மா ஒக்காந்துனு இருக்கறதுக்கு எதனா பாக்கட்டும்."

"பாக்கறதுக்கு இல்லீங்க. கேக்கறதுக்கு."

"சரி, கேக்கட்டும். யாரு வேணாம்னது?"

அன்றைக்கு அக்கா புடவை கட்டினார். ஒரு சாம்பல் நிறப் பருத்திப் புடவை. மடிப்புகள் பழைய பெட்டியிலிருந்து வந்தவை. சட்டத்தின் ஒரு பக்கத்தை நானும் மறு பக்கத்தை அவரும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். வழியில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"நீ பாட்டைக் கேக்காத. அவங்க மூஞ்சியப் பாரு. எங்க நம்ம பக்கம் திரும்பறாங்க, எங்க பேச ஆரம்பிக்கிறாங்கன்னு மட்டும் பாத்து வெச்சிக்கோ."

கூழுக்கு அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தாள். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் ஆட்டம் முடிந்தது. அம்மன் சன்னதிக்கு நேர் எதிரே, எல்லாருக்கும் தெரிகிற இடம் என்று, சட்டத்தை வைத்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது. ஆடிக் காற்று. கொசுவர்த்திப் புகையை அது பிறந்த இடத்திலேயே கொண்டுபோய்விட்டது.

அக்கா கையை நீட்டினார். ஒலி வந்தது. ஆனால் ஜனத்துக்குத் தெரிந்தது வெறும் குழாய்ச் சட்டமும் அதற்குள் கையை அலைத்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணும்தான்.

"இன்னாமே, காத்த தடவினு கீது," என்றது ஒரு குரல். சிரிப்பு.

"பேய் ஓட்டுதோ?"

அக்கா நிறுத்திவிட்டார். கொசுவர்த்தியை இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார். பூசாரிக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதர்.

"பொக தான வேணும்? இரும்மா," என்று உள்ளே போய்த் தூபக்காலை எடுத்துவந்தார். நெருப்பில் இரண்டு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டார். காற்று வருகிற பக்கம் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னார். வெள்ளையாகப் புகை எழுந்தது. அதற்குள், அம்மனுக்கு முன்னால், சிவப்பாக ஏழு கம்பி வெளிச்சம் நின்றது.

தெரு அடங்கியது. நான் முகங்களைப் பார்த்தேன். எல்லாரும் திரும்பியிருந்தார்கள். ஒரு வாய் அசையவில்லை. ஒண்ணு, மூணு, ரெண்டு. நாலில் அவர் கை நின்றது. நாலு இழைந்தது. அக்காவின் முகத்தை நான் பார்க்கக் கூடாது, பார்த்தேன். அவர் கண் ஜனத்தின் மேல் இருந்தது.

ஏழுக்குக் கை போவதற்குள், கோயில் வாசலில் பூ விற்கிற பூக்காரம்மா எழுந்துவிட்டார். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நேராகச் சட்டத்துக்கு வந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தின் மேல் ஒற்றினார், கற்பூர ஆரத்தியை ஒற்றுகிற மாதிரி. கண்ணில் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் நாலைந்து ஒலிகள் ஒன்றோடொன்று மோதின. அவருக்குப் பின்னால் வீட்டுக்காரம்மா. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. என் அம்மாவும் அதில் நின்றாள்.

அக்கா கையை எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் கை இருக்கிற இடத்துக்கு அவர் கை போகாது. இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஓரடி பின்வாங்கி நின்றார். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாதிரி தடவியது. சிலர் இடமிருந்து, சிலர் வலமிருந்து, சிலர் ஒரேயடியாக ஏழையும். குழந்தைகள் குனிந்து எட்டிப் பார்த்தபோது மட்டும் குரல் கொடுத்தார்: "கண்ண கொண்டு போவாத, கண்ணு போயிடும்." அதையும் ஜனம் அம்மனின் உக்கிரத்தைப் பற்றிய எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டது. பிள்ளைகளின் தலையில் குட்டி, கையை மட்டும் நீட்டச் சொன்னார்கள்.

"தீபத்துக்கு மலைமேல ஒண்ணு, நம்ம தெருவுக்கு ஒண்ணு," என்றார் வீட்டுக்காரம்மா.

பிறகு கும்பத்துக்கு நேரம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, சட்டத்தை இறக்கி வைத்ததும் கேட்டார்.

"எங்க திரும்பினாங்க?"

"முத வரியில எல்லாரும் திரும்பினாங்கக்கா. ஒருத்தர் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் கண்ண மூடிக்கிட்டாங்க."

"கண்ண மூடினா இன்னும் நல்லா கேக்கும்." ஸ்பீக்கர் வயரைச் சுருட்டி வைத்தார். "ஆனா அவங்க கேக்கல. இல்ல?"

"இல்லக்கா."

தலையாட்டினார். "நாலும் ஏழும் மத்ததோட இடிச்சிது பாத்தியா? எனக்குப் பல்லு கூசிச்சு. அவங்க யாருக்கும் கூசல."

அடுத்த நாளே பூசாரியும் வீட்டுக்காரம்மாவும் மேலே வந்தார்கள். அந்தச் சட்டம் கோயிலிலேயே இருக்கட்டும் என்று கேட்டார்கள்.

"எவ்ளோ காத்தடிச்சாலும் அணையாது. கை சுடாது. கற்பூரச் செலவும் கம்மி," என்றார் பூசாரி.

"யோசிச்சு சொல்றேங்க," என்றார் அக்கா.

அந்த வாரத்திலேயே அவருக்கு ஓசூரில் ஒரு வேலை வந்தது. பேட்டரி ஸ்கூட்டர் செய்கிற இடம். ஹார்ன் சரியாக அடிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிற வேலை. "அங்க இன்னும் காதாலதான் கேக்கறாங்களாம்," என்றார். தங்குவதற்கு விடுதி. ஒரு ரூமில் ஆறு பேர், அடுக்குக் கட்டில். சட்டத்தைக் கொண்டுபோக வழியில்லை.

"என் ரூம்ல இருக்கட்டும்கா. நீங்க வரப்ப வந்து வாசிங்க."

"கை போவாத சாமான் செத்துப்போயிடும். கோயில்ல தினம் கை போவும்."

அவர் வாயிலிருந்து அதைக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது பாட்டு இல்லை. தாறுமாறான ஒலிகள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பூக்காரம்மா மாதிரி, வீட்டுக்காரம்மா மாதிரி, இரண்டு கையாலும் வெளிச்சத்தை ஒற்றி ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பியை அணைத்துவிட்டுத் தடவுவார்; கேட்பார். இன்னொன்றை அணைத்துவிட்டுத் தடவுவார். யார் கை எப்படிப் போனாலும் எதுவும் எதனோடும் இடிக்கக் கூடாது. அதற்கு எது எது இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டத்தைச் சன்னதிக்கு எதிரே பொருத்தியது ஒரு வியாழக்கிழமை பகலில். வெயில் படாமல் மேலே தகரம் அடித்திருந்தார்கள். கடைசி வேலையாகக் கத்தரியை எடுத்து நாலாவதன் வயரையும் ஏழாவதன் வயரையும் வெட்டினார். அந்த இரண்டு லைட்டையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மற்ற ஐந்தையும் நகர்த்தவில்லை. நடுவில் ஒரு பல்லும் ஓரத்தில் ஒரு பல்லும் விழுந்த மாதிரி இருந்தது.

"உங்க பாட்டுக்கு ஏழும் வேணுமேக்கா."

"பாட்டுக்கு வேணும். இவங்க கைக்கு வேணாம்."

மறுநாள் ஆடிக் கடைவெள்ளி. மாலை பஸ்ஸுக்கு அவர் கிளம்ப வேண்டும். நான் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து, பையைத் தூக்கிக்கொண்டு தெரு முனை வரை கூட வந்தேன். கோயில் வாசலில் வரிசை நின்றது. சாம்பிராணிப் புகை. அக்கா போய் வரிசையின் கடைசியில் நின்றார். தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றார். அந்த இடத்தில் உடனே இரண்டு பேர் புகுந்தார்கள். பின்னாலும் ஆட்கள் வந்து நெருக்கினார்கள். புடவைகளுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில், தோளைக் குறுக்கிக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து போனார்.

அவர் முறை வந்தது. எல்லாரும் செய்கிற மாதிரி உள்ளங்கையை விரிக்கவில்லை. ஒரு விரலை நீட்டினார். ஒண்ணு. மூணு. ரெண்டு. அவ்வளவு மெதுவாக அந்த இடத்தில் யாரும் கையை நகர்த்தியிருக்க மாட்டார்கள். பிறகு விரல் தானாக நாலாவதற்குப் போனது. அங்கே புகை மட்டும் இருந்தது. விரல் அதிலேயே நின்றது.

"நவுரும்மா," என்றார் பின்னால் நின்ற பெண். "ஜனம் நிக்குது இல்ல?"

அக்கா நகர்ந்தார். அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்து, குழந்தையின் கையையும் தன் கையையும் சேர்த்து வெளிச்சத்தில் ஒரு வீச்சு வீசினாள். ஐந்து ஒலிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

நன்றாகத்தான் இருந்தது.